இலையைத் தொட்ட விரல்கள்

செய்தி வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மோர்சாதம், மாவடு. கைபேசி அடித்தது, இடது கையால் எடுத்தேன். பாண்டியன் சாரின் மகன் முத்து. "ஆன்ட்டி, அப்பா போயிட்டாங்க" என்றான். வாயில் இருந்த கவளத்தை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் விழுங்கினேன். சுலபமாக இறங்கியது. அதற்கே என்மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

மறுவாரம் நம் ஓய்வூதியர் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். "மேடம், அவர் பக்கத்து மேஜையில இத்தனை வருஷம் உக்காந்தது நீங்கதான். இதழுக்கு நல்லதா நாலு விஷயம் எழுதிக் குடுங்க, ஒரு பக்கம் போதும்" என்றார். நல்லதாக நாலு என்ன, நாற்பதே இருக்கிறது. ஆனால் நல்லதல்லாத ஒன்றும் இருக்கிறது. அதைச் செய்தவள் நான். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால், எதிரே உட்கார்ந்து "மேடம், கணக்கு உதைக்குதே" என்று அவர் சிரிப்பது போலிருக்கும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாண்டியன் சாருக்குக் கடைசியாகக் கிடைத்த கொஞ்சநஞ்ச சாப்பாட்டு நாட்களையும் நான்தான் கெடுத்தேன். என் வீட்டு விசேஷத்தில், என் கையால், ஊர் பார்க்கக் கெடுத்தேன். அவர் மனைவி வடிவுக்கு இது தெரியுமா தெரியாதா என்ற பயத்தில் பல நாள் அவர்கள் வீட்டுப் பக்கம் போகாமலே இருந்தேன்.

பின்னால் சேர்ந்தவர்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. சங்கரபாண்டியன் திருநெல்வேலிக்காரர். பெரியப்பாவுக்குத் தி. நகரில் பாத்திரக்கடை. குண்டானுக்கும் குக்கருக்கும் நடுவில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து, பரீட்சை எழுதி, தேனாம்பேட்டையில் நம் காப்பீட்டு அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தார். வேலையில் அவர் சூரப்புலி என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அவர் மேஜையில் கோப்புகள் குடித்தனம் பண்ணும். நான் வள்ளென்று விழுவேன். "வர்றவங்களுக்கு ஒரு காபி வாங்கிக் குடுத்து உக்கார வெச்சிருக்கேன் மேடம், கோப்பு எங்க போயிடப்போகுது" என்பார். வந்தவர்களும் கோபப்படாமல் காபியைக் குடித்துவிட்டு மறுநாள் வருவார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்குள் மின்விசிறிச் சண்டையும் உண்டு. தலைக்கு மேல் ஒரே விசிறி. அவருக்குச் சுற்ற வேண்டும், எனக்குக் காகிதம் பறக்கக் கூடாது. ஒரு சித்திரை மாதம் முழுவதும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த மாதத்திலும் மத்தியானம் என் டப்பாவைத் திறந்ததும், அவர் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி கூட்டு என் மூடியில் வந்து விழும். வாய் பேசாது, கரண்டி மட்டும் வரும். சண்டை போடுகிறவருக்கும் பசிக்கும் என்பது அவர் கட்சி.

ஆனால் அவரை நாம் நினைப்பது அலுவலகத்தை வைத்தா? பந்தியை வைத்துத்தானே. யார் வீட்டுக் கல்யாணமானாலும், காதுகுத்து ஆனாலும், பந்தி விசாரிக்கிற வேலையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்வார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலை வரிசையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து, யாருக்கு எது வேண்டும், எந்த இலையில் எது தீர்ந்திருக்கிறது, யார் கூச்சப்படுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவார். பரிமாறுகிறவர்கள் அவர் கண்ணைப் பார்த்தே வாளியைத் தூக்குவார்கள்.

என் பெண்ணின் கல்யாணம் மயிலாப்பூரில் நடந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஏதோ மரியாதைக் குறைவென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எது கொண்டுபோனாலும் "போதும்". பாண்டியன் சார் அவர் முன்னால் போய் நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஜாங்கிரித் தட்டை வாங்கித் தானே ஒன்றை வைத்தார். இன்னொன்றும் வைத்தார். பெரியப்பா மறுபடியும் "போதும் போதும்" என்றபடி இரண்டையும் சாப்பிட்டு, பாயசத்துக்கும் இலையை ஒதுக்கிக் கொடுத்தார். அதே வரிசையில் ஒரு சின்னப் பெண், யாரோ ஒரு சிநேகிதி, "வேண்டாம்" என்றதும், பக்கத்து மாமி "அட, போடுங்கோ, கொடிமாதிரி இருக்கா" என்று தூண்டிவிட, பரிமாறுகிறவர் குனிந்தார். பாண்டியன் சார் அவர் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டார்.

"அவருக்கு மட்டும் வற்புறுத்திப் போட்டீங்க, இந்தப் பொண்ணை விட்டுட்டீங்க. என்ன கணக்கு இது?" என்று பிறகு கேட்டேன்.

"எல்லாரும் போதும்னுதான் மேடம் சொல்லுவாங்க. வாயைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க. கை இலைக்கு மேல அந்தரத்துல நின்னா அது மரியாதைக்கு. விரல் இலையைத் தொட்டுட்டா அது நெஜம். அதுக்கப்புறம் போட்டா உபசாரம் இல்ல, அதிகாரம்" என்றார்.

அதன்பின் எத்தனையோ பந்தியில் நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன், அவர் சொன்னது தவறியதில்லை. எனக்கு இது தெரியும் என்பதை மட்டும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு மாதம் ஒருமுறை மயிலாப்பூரில் ஒரு ஓட்டலில் நாங்கள் சிலர் கூடுவோம். ஒருமுறை அவர் இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து, நெஞ்சைத் தடவிக்கொண்டார். "நெஞ்சுலயே நிக்குது மேடம், வாயுத்தொல்லை" என்றார். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். சாதம் இறங்கவில்லை என்று தயிர்சாதத்துக்குப் போனார், அதுவும் இறங்காமல் கஞ்சிக்குப் போனார். வேட்டி இடுப்பில் நிற்காமல் போனபிறகுதான் முத்து இழுத்துக்கொண்டு போய் உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வைத்தான். உணவுக்குழாயில் புற்றுநோய். ஈரலுக்கும் போயிருந்தது. அறுவை செய்ய முடியாது என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். கொஞ்ச நாள் தேவலையாக இருந்தது. பிறகு தண்ணீரே மடக்கு மடக்காக இறங்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

மேற்கு மாம்பலத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வடிவு சமையலறையிலேயே இருந்தாள். தாளிக்கிற வாசனை வந்தால் அவருக்கு ஏக்கமாக இருக்கும் என்று முத்துவுக்கும் தனக்கும் வெறும் பருப்பை வேகவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு அது தெரிந்து, "நான் சாப்பிடலேன்னா ஊரே பட்டினி கெடக்கணுமா வடிவு? ஒழுங்கா ரசத்துக்குத் தாளி, நான் மோந்து பாத்துக்கிடுதேன்" என்று சத்தம் போட்டார். சத்தம் என்றா சொன்னேன்? அந்தக் குரல் அடுத்த அறைக்குக்கூடப் போகவில்லை.

உணவுக்குழாயில் ஸ்டென்ட் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, வடிவு என்னையும் கூட வரச் சொன்னாள். "டாக்டரம்மா இங்கிலீஷ்ல பேசினா எனக்கு ஓடாதுக்கா, நீங்க பக்கத்துல இருங்க" என்றாள். அந்தப் பெண் டாக்டர் நல்ல தமிழில்தான் பேசினார். ஒரு காகிதத்தில் உணவுக்குழாயை வரைந்து, கட்டி எங்கே அடைத்திருக்கிறது என்று காட்டினார். "வலை மாதிரி பின்னின உலோகக் குழாய் இது. சுருங்கின மாதிரி வாய் வழியா உள்ள கொண்டுபோவோம். அடைப்பு இருக்கற எடத்துல விட்டதும் தானா விரிஞ்சு வழியைத் திறந்து பிடிச்சுக்கும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இது நோயைக் குணப்படுத்தாது சார். அதை நான் மறைக்க விரும்பல. சாப்பாட்டுக்கு வழி விடும், அவ்வளவுதான்" என்றார்.

"வழி விட்டாப் போதும்மா. நான் என்ன சாகாவரமா கேட்டேன்?" என்றார் பாண்டியன் சார்.

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சாப்பாட்டு விதிகளைச் சொன்னார். குழைவாக, சின்னச் சின்னக் கவளமாக, நன்றாக மென்று, நடுநடுவே தண்ணீர் குடித்து. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, இரவில் தலையை உயர்த்தி வைத்துத்தான் தூங்க வேண்டும். "ரொட்டி, சப்பாத்தி மாதிரி மாவுப் பண்டம் வேண்டாம். நார் இருக்கற காய் வேண்டாம். குழாய்ல மாட்டிக்கும்." வடிவு தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். இதையெல்லாம் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காதாலும் கேட்டேன்.

வைத்த பிறகு சில நாள் நெஞ்சு வலிக்கிறது என்று துடித்தார். வலி தணிந்ததும் ஒரு நாள் காலையில் தொலைபேசி. "மேடம், ரசஞ்சாதம்." வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. அன்று மத்தியானமே போய்ப் பார்த்தேன். கரண்டியால் மசித்த சாதம், பருப்பு, நெய், தெளிவாக ரசம். ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, மென்று, காத்திருந்து, இறங்கியதும் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். வடிவு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்னத்தை அப்பிடிப் பாக்குறிய? கண்ணு பட்டுரும்" என்றார். பந்தியில் ஆயிரம் பேரைச் சாப்பிட வைத்தவர் ஒரு கிண்ணம் சாதத்துக்கு அப்படி ஆனந்தப்பட்டார். அதன்பின் தினம் போன் வரும். இன்றைக்கு இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, இன்றைக்கு இடியாப்பம் பாலில், இன்றைக்கு வெண்பொங்கல் கஞ்சி பதத்தில். எனக்கும் தினமும் அந்த போனை எதிர்பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் என் பையன் ஆதம்பாக்கத்தில் வாங்கிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். பாண்டியன் சார் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். தொளதொளவென்று வெள்ளைச் சட்டை, வேட்டிக்கு மேல் பெல்ட். மொட்டை மாடியில் பந்தி. முதல் பந்தி உட்கார்ந்ததும் யார் சொல்லியும் கேட்காமல் எழுந்து வரிசையில் நடக்க ஆரம்பித்துவிட்டார். குரல் போயிருந்தது, கண் போகவில்லை. கண்ணாலேயே சாம்பார் வாளியைத் திருப்பினார். பரிமாறுகிற ஆள், "இன்னா சார், நீங்க ரெஸ்ட் எடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றதற்கு, "நீ வாளியைப் பாரு, நான் எலையைப் பாக்கேன்" என்றார். உங்களில் எத்தனை பேர் அன்று அழுதீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது பந்தியில் அவரை உட்கார வைத்தேன். அவருக்கென்று தனியாகக் குழைந்த சாதம், வடிகட்டிய ரசம், மசித்த பூசணிக்காய்க் கூட்டு எல்லாம் சமையல்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன். அதுவரை ஒழுங்காகத்தான் இருந்தேன். அவரும் மெதுவாக, தண்ணீர் குடித்துக் குடித்து சாப்பிட்டார். சுற்றிலும் நம் அலுவலகக் கூட்டம். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் வீட்டு விசேஷத்தில் பாண்டியன் சார் சாப்பிடுகிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது போளி வந்தது. என் மன்னி, "எல்லார் எலையிலயும் தித்திப்பு விழுந்தாச்சா பாருடி. அவருக்கு மட்டும் வெறும் எலையா இருக்கே" என்றாள். அவள் அறியாமல் சொன்னாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் போளித் தட்டை வாங்கினேன். பஞ்சு மாதிரி இருந்தது, நெய் சொட்டியது. இதில் என்ன நாரா இருக்கிறது என்று என் மனசுக்குள் ஒரு வக்கீல் பேசினான். மாவுப் பண்டம் என்று டாக்டர் சொன்னது அந்த நேரத்தில் எங்கே போய் ஒளிந்ததோ தெரியாது.

"போதும் மேடம், வேண்டாம்" என்றார். கையை இலையின் மேல் வைத்தார். விரல்கள் இலையில் பதிந்திருந்தன.

நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான், ஆனால் பார்த்தேன். "ஊருக்கெல்லாம் போட்டுட்டு நீங்க மட்டும் தப்பிக்கலாம்னு பாக்கறீங்களா?" என்று சொல்லி, அவர் மணிக்கட்டைப் பிடித்து விளையாட்டாக நகர்த்திவிட்டு, போளியை வைத்தேன். எல்லாரும் கைதட்டினீர்கள். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். இலையில் விழுந்ததை வீணாக்கக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். பிட்டுப் பிட்டு முழுவதையும் சாப்பிட்டார். "நல்லாருக்கு" என்றார்.

சாயங்காலம் வடிவு கூப்பிட்டாள். "அக்கா, தண்ணிகூட எறங்க மாட்டேங்கு. எச்சியை முழுங்க முடியாம துப்பிக்கிட்டே இருக்காக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்." மயிலாப்பூரில் என் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோவில் ஏறி, ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னேன். "இன்னாமா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று டிரைவர் கேட்டார். நான் கைப்பையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அங்கே பாண்டியன் சார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

மறுநாள் உள்ளே கேமரா விட்டு அடைத்திருந்ததை எடுத்தார்கள். "மாவா உருண்டு குழாய்ல அடைச்சிருந்தது. குழாய் நல்லா இருக்கு, எடம் மாறல. சார் பழையபடி குழைவாச் சாப்பிடலாம்" என்றார் அதே டாக்டர். எல்லாருக்கும் உயிர் வந்தது. எனக்கும்தான். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது, பாண்டியன் சார் முந்திக்கொண்டு, "ஆசைப்பட்டு ஒரு போளி கேட்டு வாங்கித் தின்னுட்டேன்மா" என்றார். டாக்டர் செல்லமாகக் கடிந்துகொண்டார். வடிவு அவரையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்த இடத்தில் வாயைத் திறந்து, இல்லை, நான்தான் வைத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஊரில் எல்லாரையும் அதட்டுகிற எனக்கு அன்று நாக்கு எழவில்லை.

குழாய் திறந்தே இருந்தது. ஆனால் அவர் சாப்பிடவில்லை. மூச்சு முட்டி, எச்சில்கூட இறங்காமல் கிடந்த அந்த ராத்திரி அவரை விட்டுப் போகவில்லை. கஞ்சித்தண்ணீர், இளநீர், வடிகட்டிய பயத்தங்கஞ்சி, இவ்வளவுதான். ரசஞ்சாதத்தைக் கிண்ணத்தில் கொண்டுபோய் வைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு முறை நான் போயிருந்தபோது வடிவு கெஞ்சினாள். ஒரு கரண்டி எடுத்தார், வாய்வரை கொண்டுபோனார், திரும்ப வைத்துவிட்டார். "குழாய்ல ஒண்ணும் இல்ல மேடம். பயம்தான் வந்து குறுக்க உக்காந்திருக்கு" என்று சிரித்தார். பிறகு கிண்ணத்தின் வாயைக் கையால் மூடினார்.

தினசரி போன் நின்றுவிட்டது. சொல்ல என்ன இருக்கிறது, இன்றைக்குக் கஞ்சித்தண்ணீர் என்றா? நானும் போவதைக் குறைத்தேன். முழங்கால் வலி என்றேன், மழை என்றேன், பேரனுக்குப் பரீட்சை என்றேன். எல்லாம் பொய். அந்தக் கிண்ணத்தை எதிர்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. கடைசியாகப் போனபோது படுக்கையில் சாய்ந்தபடி, "பையன் வீட்டு மாடியில வெயில் நல்லா விழுதா மேடம்? வத்தல் போடலாமே" என்று கேட்டார். எனக்குத் தாங்கவில்லை. "பாண்டியன் சார், அன்னிக்கு அந்தப் போளி..." என்று ஆரம்பித்தேன்.

"பந்தியில நடந்ததைப் பந்தியோட விட்டுரணும் மேடம். எலை எடுத்தாச்சுல்லா" என்றார். அதற்குமேல் பேச விடவில்லை. அதன்பின் நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். போனேன். வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டிருந்தார்கள். வடிவு என்னைக் கண்டதும் கையைப் பிடித்து சமையலறைக்குள் கூட்டிப்போனாள். "பந்தி விசாரிக்க ஆளில்லக்கா. ஆயிரம் வீட்டுப் பந்தி பாத்தவுக வீட்டுல, யாருக்கு என்ன வேணும்னு கேக்க நாதியில்லாம கெடக்கு. நீங்க செஞ்சு குடுங்க" என்றாள்.

என்னால் முடியவில்லை. "வடிவு, என்னைக் கேட்காதே. அன்னிக்கு அவர் போளி கேட்கவே இல்லை. வேண்டாம்னு இலையில கையை வெச்சார். நான்தான் கையை நகர்த்திட்டு வெச்சேன்" என்றேன்.

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரியும்க்கா" என்றாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அவுகளுக்குப் போளின்னாலே ஆகாது. கல்யாணம் ஆன புதுசுல எங்கம்மா வெச்சப்பவே, சப்பாத்திக்குள்ள சக்கரைப் பொங்கலை அடைச்ச மாதிரி இருக்குன்னு கேலி பேசுனவுக. அவுகளாவது, போளியைக் கேட்டு வாங்கித் திங்கவாவது. ஆஸ்பத்திரியில அவுக சொன்னப்பவே தெரிஞ்சு போச்சு."

பக்கத்து மேஜையில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன். நமக்கெல்லாம் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். அவருக்கு என்ன பிடிக்காது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"என்மேல கோவமா வடிவு?"

"கோவம் இல்லாம இருக்குமாக்கா? இப்பவும் இருக்கு. இன்னும் கொஞ்ச நாளு ரசஞ்சோறு தின்னுருப்பாகளேன்னு தோணும்போதெல்லாம் உங்க நெனப்புதான் வருது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்காவ வந்தவங்களைப் பட்டினி போட முடியுமா? போய் மாடியில பாருங்க, எலை போட்டாச்சு."

போனேன். ஆதம்பாக்கத்துக்குப் பிறகு நான் யார் தட்டிலும் எதையும் எடுத்து வைத்ததில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் "வேணும்னா எடுத்துக்கோங்க" என்று பாத்திரத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். என் பேரன்கூடக் கேட்டுவிட்டான், "பாட்டி, ஏன் நீ போட மாட்டேங்கற?" என்று. அப்படிப்பட்டவள் வரிசைக்கு நடுவில் போய் நின்றேன். பிறகு வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்தரத்தில் நின்ற கைகளுக்குப் போடச் சொன்னேன், தொட்ட கைகளைத் தாண்டினேன். உங்களில் பலர் அன்று சாப்பிட்டீர்கள். ஒருவருக்கும் குறை இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பாண்டியன் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கையைப் பார்க்கிற அந்தப் பார்வை ஒன்றுதான். அவர் சொல்லிக்கொடுத்ததை, அவர் விஷயத்தில் மட்டும் நான் செய்யவில்லை. வடிவின் கோபத்தையும் கூடவே வைத்துக்கொள்கிறேன். அவளாக எடுத்துக்கொள்ளும்வரை அது என்னிடமே இருக்கட்டும்.

கடைசிப் பந்தியில் வீட்டு மனிதர்கள் உட்கார்ந்தார்கள். வடிவை முத்து வற்புறுத்தி உட்கார வைத்தான். அவள் பல நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. இலையில் கொஞ்சம் சாதம் போட்டதற்கே "போதும்" என்று சொல்லிவிட்டிருந்தாள். ரச வாளி வந்தது. நான் கரண்டியை வாங்கினேன்.

"வேண்டாம்க்கா" என்று கையை நீட்டினாள்.

குனிந்து பார்த்தேன். கண் கலங்கி மங்கலாகத் தெரிந்தது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அவள் விரல்கள் இலையைத் தொடவில்லை. ஒரு கரண்டி ரசம் விட்டேன். அவள் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள், இன்னொரு வாய் சாப்பிட்டாள். மறுபடி கரண்டியை எடுத்தேன். இந்த முறை அவள் ஒன்றும் சொல்லவில்லை, கையை இலையில் வைத்தாள். விரல்கள் பதிந்தன. நான் அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.